பெட்டி எங்கே? – இடத்தை எண்ணால் குறிக்கும் கலை

"வீடு எங்கே?" என்று கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் எண்ணைச் சொல்ல மாட்டார்கள். "வேலந்தாவளம் சோதனைச் சாவடி தாண்டினால் ஒரு புளியமரம், அதற்கு மேற்கே திரும்பினால் இட்டேரி, இட்டேரி முடியும் இடத்தில் ஒற்றைப் பனை, பனைக்குத் தெற்கே நம் தோட்டம்" என்பார்கள். கேட்டவரும் தவறாமல் வந்து சேர்வார். மரமும் வரப்பும் இட்டேரியும் உள்ளவரை இந்த முறைக்குக் குறைவில்லை. ஆனால் ஊரையே அறியாத ஒருவர், எங்கோ ஒரு நாட்டிலிருந்து வந்து, யாரையும் கேளாமல், அந்தப் பனையின் அடியில் நிற்க வேண்டுமானால் என் செய்வது? அதற்குத்தான் எண்கள் வேண்டும். அந்த எண்களைப் பிழையின்றி எடுப்பது எங்ஙனம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு விளையாட்டும், அதில் யான் செய்த ஒரு பிழையும் ஆகும்.

விளையாட்டின் வரலாறு

'ஜியோகேச்சிங்' என்னும் பெயரை நம் மாணவர் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்கேனும் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் எல்லோரும் அறிய வெளியிடுகிறார். மற்றவர் அந்த எண்களைக் கொண்டு தேடிச் சென்று, பெட்டியைக் கண்டு, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துத் திரும்புகிறார். நாம் சிறு வயதில் ஆடிய ஒளித்து விளையாட்டுக்கு உலகப் படத்தையே களமாக்கினாற் போன்றது இது.

இதன் பிறந்த நாளைக் கூடத் திட்டமாகச் சொல்லலாம். ஜி.பி.எஸ். என்னும் செயற்கைக் கோள் அமைப்பை அமைத்த அமெரிக்க அரசு, பொதுமக்கள் பெறும் குறிகளில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் பொதுமக்களின் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. உடனே, மே 3-ஆம் நாள், டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டோரம் ஒரு வாளியில் சில பொருள்களை வைத்து, அவ்விடத்தின் எண்களை வெளியிட்டார். மூன்று நாட்களுக்குள் இருவர் அதனைக் கண்டுபிடித்தனர். எண்ணின் பிழை குறைந்தது, விளையாட்டுப் பிறந்தது. பிழை 100 மீட்டராகவே இருந்திருந்தால் இந்த விளையாட்டே இல்லை என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

என் பிழை

கடந்த விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது யானும் ஒரு பெட்டி வைத்தேன். எங்கள் தோட்டத்து வரப்பின் மேல் நிற்கும் பனையடியில், கற்களுக்கு இடையே, இறுக மூடும் ஒரு டப்பா. நண்பகல் நேரம். மோட்டார் அறையின் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, கைப்பேசியைத் திறந்து, முதலில் தோன்றிய எண்ணை எழுதிக் கொண்டேன். கோவையிலிருந்த நண்பர்களுக்கு அதையே அனுப்பினேன்.

மறுவாரம் நால்வர் வந்தனர். எண் அவர்களை அழைத்துச் சென்ற இடம் எங்கள் பனையன்று. இருபத்தைந்து மீட்டர் தள்ளி, பக்கத்துக் காட்டின் நடுவே. அங்கே நிலக்கடலை பூவெடுத்திருந்த சமயம். நால்வரும் குனிந்து குனிந்து செடிகளை விலக்கித் தேடினர். காட்டுக்கு உடைய அப்பத்தா வந்து நின்றார். "ஏங்கண்ணு, என்ன தொலைச்சீங்க? கடலைச் செடி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். வைது விரட்டியிருந்தால் கூட மனம் ஆறியிருக்கும். அவரோ மிதிபட்ட செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டே கேட்டார். மாலையில் யான் சென்று மன்னிப்புக் கேட்டேன். "பொட்டி உங்க காட்டுலதானே வெச்சே? அப்புறம் எங்க காட்ட ஏஞ் சொன்னே?" என்றார். அக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் இத்துறையைப் படிக்கலானேன்.

எண்கள் சொல்வது யாது?

பூமியின் நடுக்கோட்டிலிருந்து வடக்கே எவ்வளவு என்பது அகலாங்கு; கிரீனிச்சிலிருந்து கிழக்கே எவ்வளவு என்பது நெட்டாங்கு. இரண்டையும் பாகையால் அளப்பர். ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை. நம் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் அகலாங்கில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 110½ கிலோமீட்டர். ஒரு கலை 1,843 மீட்டர். ஒரு விகலை 31 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நெட்டாங்கின் அளவுகள் இதனினும் சிறிது குறைவு.

இங்கேதான் முதற் பள்ளம் இருக்கிறது. ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். பாகையும் கலையும் விகலையுமாக எழுதுவது ஒன்று. பாகையும், பின்னத்தோடு கூடிய கலையுமாக எழுதுவது மற்றொன்று. இவ்விளையாட்டில் வழங்குவது இதுவே. முழுவதையும் பாகையின் பதின்மமாக எழுதுவது மூன்றாவது. கைப்பேசிகள் பெரும்பாலும் இப்படியே காட்டும். 10 பாகை 49.500 கலை என்பது பதின்மத்தில் 10.825 பாகை ஆகும். இதனைப் படிப்பவர் 10 பாகை 49 கலை 50 விகலை என்று கொண்டால் 600 மீட்டருக்கு மேல் வடக்கே தவறுவார். 10.495 பாகை என்று கொண்டாலோ 36 கிலோமீட்டர் தெற்கே, ஆனைமலைக் காட்டுப் பக்கம் போய் நிற்பார்! ஆகவே எண்ணை எழுதும்போது அது எந்த முறை என்பதையும் உடன் எழுத வேண்டும்.

எத்தனை இலக்கம் வேண்டும்? கலையில் மூன்று பதின்ம இலக்கம் எழுதினால் கடைசி இலக்கத்தின் மதிப்பு 2 மீட்டருக்குள் அடங்கும். பாகைப் பதின்மத்தில் ஐந்து இலக்கம் எழுதினால் ஏறத்தாழ ஒரு மீட்டர். இவை போதும். சில கைப்பேசிகள் ஏழு, எட்டு இலக்கம் காட்டும். அது கண்டு மயங்கற்க. சந்தையில் கண்ணால் நிறை மதிப்பிட்டு விட்டு, "மூன்று கிலோ, 127 கிராம்" என்று சொல்வது போன்றது அது.

வானத்துக் கடிகாரங்கள்

கையிலுள்ள சிறு கருவி, தான் இருக்குமிடத்தை எவ்வாறு அறிகிறது? ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. ஒவ்வொன்றும் "யான் இன்ன கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது" என்று வானொலி அலையால் ஓயாது கூவிக் கொண்டிருக்கிறது. அந்த அலை ஒளியின் வேகத்தில் வருகிறது. நம்மை வந்தடைய ஒரு நொடியில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். அலை புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் கழித்தால் தொலைவு கிடைக்கிறது.

இடியையும் மின்னலையும் கொண்டு மழை எவ்வளவு தொலைவில் என்று நாம் கணக்கிடுவதில்லையா? அதே கணக்குத்தான். ஆனால் இடியின் கணக்கில் ஒரு நொடி தவறினால் பிழை 340 மீட்டர் அளவே. ஒளியின் கணக்கில் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே பிழை 300 மீட்டர்! நம் கைக்கருவியிலோ அணுக் கடிகாரம் இல்லை. அதனால், இடத்தைக் காண மூன்று கோள்களும், கருவியின் கடிகாரப் பிழையைக் காண நான்காவது கோளும் ஆகக் குறைந்தது நான்கு கோள்கள் வேண்டும். இன்றைய கைப்பேசிகள் பலவும் ஜி.பி.எஸ். கோள்களோடு பிற நாடுகளின் கோள்களையும் சேர்த்துக் கேட்பதால் பத்து இருபது கோள்கள் கூடக் கிடைக்கும்.

இன்னொரு வியப்பு. விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்றும், ஈர்ப்புக் குறைந்த உயரத்தில் கடிகாரம் விரைந்து ஓடும் என்றும் ஐன்ஸ்டீன் கூறினார். இரண்டையும் கூட்டிக் கழித்தால் கோளின் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி முந்துகிறது. இதனைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பிழை பத்துக் கிலோமீட்டரைத் தாண்டும். வகுப்பில் வெறுங் கொள்கை என்று நாம் எண்ணியது, கடலைக் காட்டு வரப்பு வரை வந்து வேலை செய்கிறது!

பிழை நுழையும் வாயில்கள்

திறந்த வெளியில் நல்ல கைப்பேசி 5 மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும். அப்படியானால் எனக்கு 25 மீட்டர் ஏன் தவறியது?

முதல் காரணம், அவசரம். கருவியைத் திறந்தவுடன் அது எல்லாக் கோள்களையும் கேட்டிருப்பதில்லை. பழைய இடத்தையோ, கைப்பேசிக் கோபுரத்தைக் கொண்டு ஊகித்த இடத்தையோ முதலில் காட்டும். சற்றுப் பொறுத்தால் எண் மெல்ல நகர்ந்து நிலைக்கும். யான் பொறுக்கவில்லை.

இரண்டாவது, சுவர். கோளிலிருந்து வரும் அலை நேரே வருவதோடு, சுவரிலும் பாறையிலும் தகரக் கூரையிலும் பட்டுத் தெறித்தும் வரும். தெறித்து வரும் அலை சுற்றி வருவதால் தொலைவு கூடுதலாகத் தோன்றும். கிணற்றடியில் நின்று கூவினால் எதிரொலி எங்கிருந்தோ வருவது போலிருக்குமே, அதுபோல. மேலும், சுவர் வானத்தில் பாதியை மறைத்தும் விட்டது. மறையாத பாதியிலிருந்து மட்டும் கோள்களைக் கேட்டால், அளவுகள் ஒரே திசையிலிருந்து வந்து விழும். இரு சாலைகள் குறுக்கே வெட்டினால் சந்திக்கும் இடம் தெளிவாக இருக்கும். ஏறத்தாழ ஒரே திசையில் ஓடி உரசினால் எங்கே சந்தித்தன என்று சொல்வது அரிது. கோள்கள் வானெங்கும் பரவியிருப்பதே நன்று.

மூன்றாவது, வானத்தின் மேலடுக்கு. கதிரவன் ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலம் அலைகளைத் தாமதப்படுத்துகிறது. நண்பகலுக்குப் பின் இத்தாமதம் மிகும். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்னாட்டின் கோடியை ஒட்டிச் செல்வதால் இவ்விளைவு நமக்குச் சற்று அதிகம். கதிரவன் மறைந்த பின்னும் சில நாட்களில் குறிகள் துடிதுடித்துக் கொண்டிருக்கும். காலை வேளையே அமைதியானது. உழவர்க்கு மட்டுமன்று, அளப்பவர்க்கும் விடியற்காலம் உகந்தது.

நான்காவது, மரம். தனிப்பனை பெருந் தடையன்று. அடர்ந்த தென்னந்தோப்பிலோ, மழையில் நனைந்த இலைச்செறிவின் கீழோ குறி நலியும்.

அளக்கும் முறை

இனி, செய்ய வேண்டுவதை வரிசையாகக் கூறுவேன்.

ஒன்று: பெட்டியை வைத்த இடத்தில் கருவியை வானம் பார்க்க வைத்துவிட்டு, உடலால் மறைக்காமல் ஒதுங்கி நில். ஐந்து முதல் பத்து நிமிடம் பொறு. கருவி தன் ஐயத்தை வட்டமாகவோ மீட்டராகவோ காட்டும். அது சுருங்கி நின்ற பின்னரே எண்ணை எழுது.

இரண்டு: ஒரு முறை எழுதியதோடு நில்லாதே. வேறு நேரத்தில், இயன்றால் வேறு நாளில், மீண்டும் அள. ஒரே நேரத்தில் நூறு முறை அளந்து சராசரி எடுத்தால் போதாதா என்று வினவலாம். போதாது. பிழைகள் மெதுவாக மாறுபவை. பத்து நிமிடத்துக்குள் எல்லா அளவும் ஒரே பக்கமாகவே சாய்ந்திருக்கும். ஒரே சாட்சியை நூறு முறை விசாரிப்பதனினும் ஐந்து சாட்சிகளை ஒவ்வொரு முறை விசாரிப்பது மேல் அன்றோ? சில மணி நேரம் கழிந்தால் கோள்களின் நிலை மாறிவிடும். அப்போது எடுப்பது புதிய சாட்சி.

மூன்று: அளவுகளை ஒப்பிடு. கலையின் கடைசி மூன்று இலக்கங்கள் 512, 508, 530, 510, 509 என்று வந்தன என வைத்துக் கொள்வோம். சராசரி ஏறத்தாழ 514. ஆனால் 530 மட்டும் கூட்டத்தை விட்டு 37 மீட்டர் விலகி நிற்கிறது. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 510. தனித்து நிற்கும் ஒன்று சராசரியைத் தன் பக்கம் இழுக்கிறது. நடு எண்ணை அது அசைப்பதில்லை.

நான்கு: எழுதிய எண்ணைச் சோதித்துப் பார். முப்பது நாற்பது மீட்டர் அப்பால் சென்று, தேடுபவன் போல அந்த எண்ணையே கருவியில் இட்டு, அது காட்டும் வழியே வா. கிழக்கிலிருந்து ஒரு முறை, வடக்கிலிருந்து ஒரு முறை வா. பெட்டியருகே கொண்டுவந்து விட்டால் எண் நல்லது. யான் இதை மட்டும் செய்திருந்தாலும் கடலைச் செடிகள் பிழைத்திருக்கும்.

ஐந்து: வேறொருவரின் கருவியாலும் அளக்கச் செய். வானிலிருந்து எடுத்த படத்தில் வைத்தும் பார். ஆனால் அப்படமே சில மீட்டர் நகர்ந்து ஒட்டப்பட்டிருக்கலாம் என்பதை மறவாதே.

ஆறு: எண்ணோடு ஒரு குறிப்பும் கொடு. "வரப்பை விட்டு இறங்க வேண்டா, பனையடிக் கற்களைப் பார்" என்ற ஒரு வரி, மீதமுள்ள 5 மீட்டரை நிரப்பிவிடும். பெரியவர்களின் புளியமரமும் இட்டேரியும் இன்றும் தேவையே.

எந்தப் பூமியின் மேல்?

இன்னொரு நுட்பம் உண்டு. பூமி சரியான உருண்டையன்று. துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதன் வடிவத்துக்கு ஒரு கணக்கு உருவம் வகுத்துக்கொண்டுதான் அகலாங்கும் நெட்டாங்கும் தரப்படுகின்றன. உருவம் மாறினால் எண்ணும் மாறும்.

நம் நாட்டுக்கான உருவத்தின் கதை சென்னையில் தொடங்குகிறது. 1802-ஆம் ஆண்டு, வில்லியம் லாம்டன் பரங்கிமலையை ஒட்டி ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை இரும்புச் சங்கிலியால் அளந்தார். அந்த ஏழரை மைலுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் பிடித்தது! வெயிலில் இரும்பு நீளுமென்று வெப்பமானி வைத்து, ஒவ்வொரு நீட்டலையும் திருத்தினார். பின்னர் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாகத் தென்னாடு முழுவதையும் கட்டினார். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் தெரியுமென்பது பள்ளிக் கணக்கன்றோ? 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது அது சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் மனந் தளராமல் ஏறத்தாழ ஆறு வாரம் உட்கார்ந்து தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியைத் தொடர்ந்தார். அவர் பெயரால் வழங்கும் 1830-ஆம் ஆண்டு உருவத்தின் மேல்தான் நம் நாட்டுப் பழைய நிலப்படங்கள் வரையப்பட்டன.

ஜி.பி.எஸ். கருவியோ 'டபிள்யூ.ஜி.எஸ். 84' என்னும் வேறோர் உருவத்தைக் கொள்கிறது. பழைய நிலப்படத்தில் ஓர் இடத்தின் எண்ணை எடுத்து, திருத்தாமல் கருவியில் இட்டால், நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேலும் விலகிப் போகலாம். இரண்டும் பிழையல்ல, இரு வேறு அளவுகோல்கள். 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின், பொதுமக்களுக்கான படங்கள் புதிய உருவத்தின் மேலேயே வெளியிடப்படுகின்றன. கருவியில் எந்த உருவம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக் கொள்வது நலம்.

விளையாட்டும் வினையும்

பெட்டியைத் தேடுபவனுக்கு 5 மீட்டர் ஒரு பொருட்டன்று. சுற்றிப் பார்த்துக் கண்டுகொள்வான். நிலமுடையவனுக்கோ அரை அடியும் பெரிது. வரப்பு நகர்ந்ததென்று வழக்காடித் தலைமுறைகள் கழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். நாமிருப்பதோ இரு மாநிலங்கள் கூடும் இடம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின், இங்கே ஒரு வரப்புக்கு அப்பால் வேறு அரசு, வேறு பதிவேடு. கேரளத்தில் 2022 நவம்பரில் நிலங்களை மின்னணு முறையில் மறு அளவை செய்யும் பணி தொடங்கியது. அதில் வழங்கும் முறையின் கருத்து எளியது. இடம் நன்கு தெரிந்த நிலையங்களில் கருவிகளை நிலையாக நிறுத்துகிறார்கள். கோள்கள் சொல்லும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் உள்ள வேறுபாடே அந்நேரத்துப் பிழை. அதனை உடனுக்குடன் வயலில் நிற்கும் கருவிக்கு அனுப்புகிறார்கள். அருகிலுள்ள கருவிக்கும் ஏறத்தாழ அதே பிழைதான் என்பதால், கழித்துவிட்டால் சில சென்டிமீட்டர் அளவுக்குச் சரியாகிறது.

ஆகவே, கைப்பேசியைக் காட்டி "உன் வரப்பு என் காட்டுக்குள் வந்திருக்கிறது" என்று எவரேனும் கூறினால், "ஐயா, இதன் ஐயம் 5 மீட்டர், வரப்பின் அகலமோ இரண்டு அடி" என்று அமைதியாகச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த அளவு எதற்குத் தகும் என்று அறிவதே அளவையின் முதற் பாடம்.

பெட்டி வைக்க விரும்பும் மாணவ நண்பர்களுக்கு முடிவாக ஒரு சொல். நிலத்துக்கு உடையவரிடம் இசைவு பெறுங்கள். சோதனைச் சாவடி, இருப்புப் பாதை, அணை, காப்புக் காடு, வழிபாட்டு இடம் இவற்றின் பக்கம் போகாதீர்கள். மண்ணைத் தோண்டிப் புதைக்காதீர்கள். ஒரு பெட்டிக்கும் மற்றொன்றுக்கும் 161 மீட்டராவது இடைவெளி விடுவது இவ்விளையாட்டின் விதி.

யான் மீண்டும் ஊர் சென்றபோது, மூன்று நாள், காலையும் மாலையுமாக அளந்து எண்ணைத் திருத்தினேன். அப்பத்தாவையும் அழைத்து, கருவியை அவர் கையிலேயே கொடுத்து, இட்டேரியிலிருந்து நடந்து வரச் சொன்னேன். பனையடிக்கு வந்ததும் கருவி நின்றது. அவர் வரப்பைப் பார்த்தார். தம் காட்டைப் பார்த்தார். "இப்பச் சரி கண்ணு" என்றார். குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்றேன். பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டித் தம் பெயரை எழுதினார். திருத்திய எண்ணைத் தேடி வந்தவர்களில் முதற் பெயர் அவருடையதே.